தண்ணீர் போகும் வழி

குண்டு விழுந்ததும் கட்டடம் செத்துவிடும் என்று நினைக்கிறோம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய விமானத் தாக்குதலில் ஃபிராவன்கிர்ஷ தேவாலயம் விழவில்லை. சுற்றிலும் நகரம் எரிந்தது. உள்ளே புகுந்த தீயில் அதன் மணற்கல் தூண்கள் சூடேறின. மணற்கல்லில் பெரும்பங்கு குவார்ட்ஸ். 573 டிகிரி செல்சியஸில் அதன் படிக அமைப்பு மாறுகிறது, சட்டென்று உப்புகிறது. கல்லின் உள்ளே ஆயிரம் விரிசல்கள் ஓடினாலும் வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. 15ஆம் தேதி காலையில் தூண்கள் கைவிட்டன, கல்லால் ஆன குவிமாடம் மொத்தமாகக் கீழே வந்தது. கொன்றது குண்டு அல்ல, அதற்குப் பின் வந்த சூடு.

தோட்டத்தின் சாவு இதைவிட மெதுவானது. காபூலின் தென்மேற்கே, ஷேர் தர்வாஸா மலையின் சரிவில் பாபர் தோட்டம் இருக்கிறது. பரப்பு சுமார் 11 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 27 ஏக்கர். 1992 ஏப்ரலில் நஜிபுல்லாவின் ஆட்சி கவிழ்ந்ததும் முஜாஹிதீன் குழுக்கள் நகரத்தைப் பங்கு போட மோதிக்கொண்டன. போர்முனை இந்தத் தோட்டத்தின் வழியாகவே போனது. மரங்களை வெட்டினார்கள். எதிரி மறைந்து வரக் கூடாது என்பது ஒரு காரணம், காபூல் குளிருக்கு விறகு வேண்டும் என்பது இன்னொரு காரணம். நீரேற்றும் பம்புகளைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். கோடாரிக்குத் தப்பிய மரங்கள் தாகத்தில் காய்ந்தன. காபூலில் ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டர்தான். அதுவும் குளிர்காலப் பனியாகவும் வசந்த கால மழையாகவும் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் பாசனம் இல்லையென்றால் அங்கே மரம் இல்லை. தோட்டத்தைச் சேர்ந்த ராணி மாளிகை எரிந்தது. மண்ணுக்குள் கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் கிடந்தன.

இப்படி ஒரு இடம் கைக்கு வந்தால் எதிலிருந்து தொடங்குவது? 2002இல் ஆப்கன் இடைக்கால அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளைக்கு முன்னால் இருந்த கேள்வி இதுதான். இடிந்த மண்டபத்தின் கற்கள் அருகிலேயே விழுந்து கிடக்கும், எண் போட்டுத் திரும்ப அடுக்கலாம். டிரெஸ்டனில் அதைத்தான் செய்தார்கள். 1993இல் இடிபாட்டைக் கல் கல்லாகப் பிரிக்கத் தொடங்கி 2005இல் தேவாலயத்தைத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கான பழைய கற்கள் மறுபடி சுவருக்குப் போயின. விறகாக எரிந்துபோன சினார் மரத்தை எப்படி அடுக்குவது?

முதலில் வந்தவர்கள் தோட்டக்காரர்கள் அல்லர், கண்ணிவெடி அகற்றுபவர்கள். போர் நடந்த மண்ணில் உலோகம் காட்டும் கருவி ஓயாமல் கத்தும், ஏனென்றால் வெடிக்கு நிகராகத் தோட்டா உறையும் குண்டுச் சிதறலும் அங்கே கிடக்கும். ஒவ்வொரு ஒலிக்கும் ஒருவர் மண்டியிட்டுக் கிளறிப் பார்க்க வேண்டும். குடியிருப்பு நிலங்களில் வழக்கமாக மேல்மண்ணின் 13 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை சுத்தம் செய்தால் போதும் என்பார்கள். மரம் நடுகிறவனுக்கு ஒரு மீட்டர் குழி வேண்டும், தொல்லியலாளருக்கு அதைவிட ஆழம். தோட்டத்தில் நடக்கும் எந்த வேலையும் மண்ணைத் தோண்டாமல் முடியாது என்பதால், போர் விட்டுப்போகும் அபாயம் கட்டடக்காரரைவிடத் தோட்டக்காரருக்கு அதிகம்.

அடுத்தது சாட்சிகளைத் தேடுவது. இந்த விஷயத்தில் காபூலுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் பாபர்தான். 1504இல் அவர் காபூலைப் பிடித்தார். 1530 டிசம்பரில் ஆக்ராவில் இறந்தார், முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் உடலைக் காபூலுக்குக் கொண்டுவந்து இந்தத் தோட்டத்தில் புதைத்தார்கள். அவர் சகதாய்த் துருக்கியில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் படையெடுப்புகளுக்கு இடையே சில பக்கங்கள் நாற்றுப்பண்ணைக் கணக்குப் புத்தகம் மாதிரியே இருக்கும். புளிப்புச் செர்ரியான ஆலுபாலுவைக் கொண்டுவந்து காபூலில் நட்டதையும், அது நன்றாக வந்ததையும் எழுதுகிறார். ஜலாலாபாத் பக்கத்தில் அமைத்த தோட்டத்தில் வாழையும் கரும்பும் வைத்ததைச் சொல்கிறார். இஸ்தாலிஃபில் வளைந்து வளைந்து ஓடிய ஓடையை நேராக்கச் சொன்னதையும் மறக்கவில்லை. வசந்தத்தில் இலை வருமுன் கிளை முழுக்கப் பூத்துக் குலுங்கும் அர்கவான் மரம் எங்கே தோப்பாக நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

எனக்கு அவருடைய கடிதம் ஒன்று முக்கியமாகப் படுகிறது. 1529 தொடக்கத்தில் இந்துஸ்தானில் இருந்தபடி, காபூலைக் கவனித்துக்கொண்ட க்வாஜா கலானுக்கு எழுதியது. பேரரசு கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் கடிதத்தில் அங்குள்ள ஒரு தோட்டத்தைப் பற்றிய கவலை இருக்கிறது. தண்ணீர் போதவில்லை, ஓர் ஓடையை விலைக்கு வாங்கித் தோட்டத்துக்குத் திருப்பு, கன்றுகளை ஒழுங்காக நடு, ஓரங்களில் மணமுள்ள பூச்செடி வை என்று கட்டளை. மரத்துக்கு முன் தண்ணீர் என்ற வரிசை அதிலேயே இருக்கிறது. மீட்புப் பணிக்கும் அந்த வரிசையை மாற்ற வழியில்லை.

எழுத்துச் சாட்சி எந்த மரம் என்று சொல்லும், எந்த இடம் என்று சொல்லாது. ஓவியச் சாட்சி இடத்தைச் சொல்லும், ஆனால் ஓவியர்கள் அழகுக்காகப் பொய் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வார்சா பழைய நகரத்தை மறுபடி கட்டியபோது 18ஆம் நூற்றாண்டு ஓவியர் பெல்லோட்டோவின் படங்கள் பெரிதும் உதவின. அவற்றிலும் ஓவியர் கைவைத்துத் திருத்திய இடங்கள் உண்டு. காபூலுக்கு 1830களில் வந்து தங்கிய சார்லஸ் மாசன், பாபர் கல்லறையைச் சுற்றியிருந்த சலவைக்கல் வேலைப்பாட்டை வரைந்து வைத்திருந்தார். அந்தப் படமும் தோட்டத்தில் கிடைத்த சலவைக்கல் துண்டுகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதால்தான் கல்லறைச் சுற்றை மறுபடி அமைக்க முடிந்தது.

பொய் சொல்லத் தெரியாத சாட்சி மண்தான். ஒரு காலத்தில் மரம் நடக் குழி வெட்டி, நல்ல மண்ணும் எருவும் இட்டிருந்தால், நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த இடத்து மண் நிறத்திலும் இறுக்கத்திலும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபடும். மேலாகச் சீராகச் சுரண்டிப் பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். வட்டங்களின் இடைவெளி ஒழுங்காக இருந்தால் அது தோப்பு. தோட்டத் தொல்லியல் ஒரு துறையாக வளர்ந்ததில் வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞருக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் பொம்பெய் நகரில் எரிமலைச் சாம்பலுக்குள் வேர்கள் மக்கி விட்டுப்போன பொந்துகளில் அவர் சிமென்ட் ஊற்றினார். இறுகிய பின் சாம்பலை நீக்கினால் வேரின் அச்சு கையில் வரும், அதன் வடிவத்தை வைத்து இது திராட்சை, இது பெருமரம் என்று பிரிக்கலாம். எல்லா மண்ணிலும் இந்த வித்தை பலிக்காது. மகரந்தத் துகளின் மேலோடு ஈரமும் காற்றின்மையும் உள்ள சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்கும், வறண்ட, காரமான மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும். காபூல் போன்ற இடத்தில் மகரந்தத்தை மட்டும் நம்பி யாரும் தோட்டம் போட முடியாது.

அங்கே நம்ப முடிந்தது வாய்க்காலை. பாபர் தோட்டம் 15 தளங்களாக மலையிலிருந்து இறங்குகிறது. நடுவில் ஒரு நீர்வழி, மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்குத் தண்ணீர் குதித்துக் குதித்து இறங்கும்படி அமைந்தது. ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அறக்கட்டளையோடு சேர்ந்து நடுப்பகுதியில் தோண்டியபோது, பிற்காலப் பாதைகளுக்கும் பூங்கா வேலைகளுக்கும் அடியில் பழைய நீர் அமைப்பின் தடயங்கள் கிடைத்தன. மரத்துக்கு விருப்பப்படி வளரும் சுதந்திரம் உண்டு, தண்ணீருக்குக் கிடையாது. அது கீழ்நோக்கி மட்டுமே போகும். வாய்க்கால் தரையின் மட்டம் இரண்டு இடங்களில் தெரிந்தால் நடுவே அது எந்தச் சரிவில் ஓடியது என்று கணக்கிடலாம். அந்த மட்டத்துக்கு ஏற்பத்தான் பக்கத்துப் பாத்திகளின் உயரம் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாசனம் நடந்திருக்காது. கடின நீர் ஓடிய வாய்க்கால்களில் சுவரோரம் படியும் சுண்ணாம்புக் கறை, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்றுகூடச் சொல்லிவிடும். ஒரு தோட்டத்தின் நீர்வழி கிடைத்துவிட்டால் அதன் எலும்புக்கூடு கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

ரஷ்யாவின் பீட்டர்ஹோஃப் இதற்கு இன்னொரு சாட்சி. 1721இல் வசிலி துவோல்கோவ் என்ற நீரியல் பொறியாளர் ரோப்ஷா மேட்டு நிலத்து ஊற்றுகளிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரில்தான் அங்குள்ள நீரூற்றுகள் பீறிடுகின்றன. பம்பு கிடையாது, உயர வித்தியாசம் ஒன்றே விசை. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை ஜெர்மன் படை அங்கே இருந்தது. அரண்மனை எரிந்தது, பூங்கா சிதைந்தது, சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் வெண்கலச் சிலை காணாமல் போனது. ஆனால் மேட்டு நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாதே. குழாய்களையும் கால்வாயையும் சீராக்கியதும் 1946இலேயே நீரூற்றுகள் மறுபடி ஓடின. அரண்மனை அறைகள் திறக்க அதற்குப் பின் பல ஆண்டுகள் ஆயின.

சாம்சன் சிலையை வசிலி சீமோனோவ் என்ற சிற்பி பழைய புகைப்படங்களைப் பார்த்துப் புதிதாகச் செய்து 1947இல் நிறுவினார். அது போலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல்: நாஜிகள் காலத்தில் தொலைந்த சிலையே இரண்டாவது. 1735இல் வைத்த ஈயச் சிலை தேய்ந்துபோனதால் 1802இல் கோஸ்லோவ்ஸ்கி செய்த வெண்கலம் அது. நீரூற்றுக்கு நடுவே நிற்கும் சிலைக்கு ஆயுள் அவ்வளவுதான். அருகே பாவ்லோவ்ஸ்கில் கதை வேறு. ஜெர்மானியர் வருமுன் அரண்மனை ஊழியர்கள் சிலைகளை மண்ணுக்குள் ஆழப் புதைத்துவிட்டார்கள், அவை கண்டுபிடிக்கப்படாமல் தப்பின. அந்தப் பூங்காவில் வெட்டப்பட்ட மரங்களோ 70,000 என்று கணக்கு. சிலையைப் புதைத்துக் காக்கலாம், மரத்தைப் புதைக்க முடியாது.

காபூலுக்குத் திரும்புவோம். தண்ணீருக்கு அடுத்து வந்தது சுவர். தோட்டத்தைச் சுற்றிலும் உயர்ந்த மண் சுவர் இருந்தது. அதை எழுப்பும் முறைக்கு அங்கே பக்ஸா என்று பெயர். களிமண்ணை வைக்கோலோடு பிசைந்து, சுமார் அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசை வைத்து, அது காய்ந்த பிறகே அடுத்த வரிசை ஏற்றுவார்கள். செங்கல்லும் இல்லை, சூளையும் இல்லை. அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலையும் இல்லை. மழையிலும் உறைபனியிலும் நிறுத்திவிட வேண்டும். புதிய சுவர்களைக் கான்கிரீட்டில் எழுப்பியிருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் மண்ணிலேயே எழுப்பினார்கள். இதைப் பழமை மீதான பாசம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, பௌதிகக் காரணம் இருக்கிறது. மண் சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் மேற்பரப்பு வழியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். காபூல் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்கால இரவுகளில் அந்த ஈரம் உறையும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் பருமன் கூடுகிறது. சில குளிர்காலங்கள் கழிந்தால் பூச்சும் சுவரும் தனித்தனியே கழன்று நிற்கும்.

காரைக்கும் இதே நியாயம். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிக் குழைத்துப் பூசிய பின், காற்றில் உள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல வாங்கி அது மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. பழைய கட்டடத்தின் கல்லைவிட மெத்தென்று இருப்பதுதான் அதன் சிறப்பு. கட்டடம் சற்று அசைந்தால் காரை விரியும், கல் தப்பும். ஈரம் பட்டால் சிறு விரிசல்களைத் தானே அடைத்துக்கொள்ளவும் செய்யும். சிமென்ட் இதற்கு நேர் எதிர்: அது உறுதியாக நிற்கும், கல்தான் உடையும். நீர் நிற்கும் இடத்துக்கு வெறும் சுண்ணாம்பு போதாது. சாம்பலோ செங்கல் தூளோ சேர்த்தால் அவற்றிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து தண்ணீரிலும் இறுகும் காரையாகிறது. நம் ஊர்க் கொத்தனார்கள் சுர்க்கி சேர்ப்பதும் இதற்காகத்தான். போரில் சிதைந்த பழைய கட்டடங்களில் அவசர உதவியாக வந்து இறங்கும் சிமென்ட் மூட்டை, எறிகணைக்கு அடுத்தபடியான சேதத்தைச் செய்யும் என்று சொன்னால் மிகை என்பீர்கள். இருபது ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் மிகையாகத் தெரியாது.

சுவர் எழும்பியது, தண்ணீர் வந்தது, கன்றுகள் நட்டார்கள். சினார், மாதுளை, ஆப்ரிகாட், பாதாம், முசுக்கட்டை, அத்தி, அக்ரூட், செர்ரி, அர்கவான் என்று பாபர் காலத்துப் பெயர்களே திரும்பின. கட்டடத்தில் வேலை முடிந்த நாள் என்று ஒன்று உண்டு. தோட்டத்தில் நட்ட நாள்தான் உண்டு. அக்ரூட் மரம் நன்கு காய்க்கப் பத்தாண்டு ஆகலாம், சினார் கம்பீரமாக நிழல் விரிக்க ஒரு தலைமுறை வேண்டும். 1981இல் ஃபிளாரன்ஸில் உருவான பட்டயம் வரலாற்றுத் தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னம் என்று வரையறுத்தது இதனால்தான். 1964ஆம் ஆண்டு வெனிஸ் பட்டயம் கட்டடங்களுக்குச் சொன்ன விதி, ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு நின்றுவிட வேண்டும் என்பது. தோட்டத்தில் அந்த விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றினால் ஒரு கன்றுகூட நட முடியாது. எந்தக் கன்று எப்படி வளரும் என்பதே ஊகம்தானே.

இன்னொரு சிக்கலும் இருந்தது: எந்தக் காலத்துத் தோட்டத்தை மீட்பது? பாபருக்குப் பின் ஜஹாங்கீர் 1607இல் வந்து கல்லறைக்குக் கல்வெட்டு வைத்தார். ஷாஜஹான் பால்க் வெற்றியின் நினைவாகச் சலவைக்கல் மசூதி ஒன்று எழுப்பினார், 1646-47இல் முடிந்தது. 19ஆம் நூற்றாண்டு இறுதியில் அமீர் அப்துர் ரஹ்மான் கான் ராணி மாளிகையைக் கட்டினார். 20ஆம் நூற்றாண்டில் தோட்டம் பொதுப் பூங்காவாகி, அதில் நீச்சல் குளமும் வந்தது. சுத்தமான முகலாயத் தோட்டம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அமீரின் மாளிகையை இடிபாடாகவே விட்டிருக்க வேண்டும். அதையும் மீட்டெடுத்தார்கள். நீச்சல் குளத்தை மட்டும் அகற்றினார்கள். ஆனால் அதை நம்பியிருந்த பிள்ளைகளுக்காக மதிலுக்கு வெளியே புதிய குளம் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். மீட்புத் திட்டங்களின் வரலாற்றில் இவ்வளவு நிதானமான முடிவுகள் அதிகம் இல்லை. நிபுணர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த நூற்றாண்டைக் காப்பாற்ற அடுத்தவர்களின் நூற்றாண்டைத் துடைத்தெறிவார்கள்.

பாபரின் கல்லறைக்குக் கூரை போடவில்லை, அது வானம் பார்த்தபடியே இருக்கிறது. ஷாஜஹானின் மசூதி தப்பி நிற்கிறது, ஆனால் சலவைக்கல்லைப் பாதுகாப்பது தொல்லை பிடித்த வேலை. அதிலுள்ள கால்சைட் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் விரிந்து மறு திசையில் சுருங்கும். பகலில் வெயில், இரவில் குளிர் என்று மாறி மாறி வரும் ஊரில் படிகங்கள் ஒன்றையொன்று தளர்த்தி, மேற்பரப்பு சர்க்கரைபோல் உதிரத் தொடங்கும். இதற்குப் போர் தேவையில்லை. தொடர்ந்த கவனிப்பு ஒன்றே மருந்து.

கவனிப்பு என்றால் சம்பளம். வாய்க்காலைத் தூர் வார ஆள், கிளை கழிக்க ஆள், மண் சுவரில் ஒவ்வொரு வசந்தத்திலும் பூச்சு வைக்க ஆள் வேண்டும். மீட்புக்குப் பணம் தரும் நாடுகளும் நிறுவனங்களும் திறப்பு விழாவோடு போய்விடும். காபூலில் அதை முன்கூட்டியே யோசித்து 2008இல் தோட்டத்தைப் பராமரிக்கத் தனி அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள், நுழைவுக் கட்டணமும் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் குடும்பங்கள் விரிப்பும் தேநீரும் எடுத்துக்கொண்டு வந்தன. வெடி பொறுக்கிய மண்ணில் பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். ஒரு தோட்டம் மீண்டுவிட்டதா என்று அளக்க மகரந்த ஆய்வைவிட இது நம்பகமான சோதனை என்பது என் கருத்து. தோட்டம் என்பது மரமும் வாய்க்காலும் மட்டும் அல்ல, அதில் வந்து உட்காருகிறவர்களும்தான். அவர்களில் பாதிப் பேரை வெளியே நிறுத்தினால் அந்தச் சோதனையில் அது பாதிதான் தேறும்.

2022 நவம்பரில் தாலிபான் அரசு காபூலின் பூங்காக்களுக்குள் பெண்கள் நுழையத் தடை விதித்தது.